நானூறு டாலருக்குள் ரிவால்வர்: கையெழுத்துப் போடும் முன் கவுன்ட்டரில் பார்க்க வேண்டியவை

கேள்வி: டெக்சஸ் மாநிலம் சான் ஆன்டோனியோவில் இருக்கிறோம். கிரீன் கார்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் வைத்துக்கொள்ள .38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்று வாங்கலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். 400 டாலருக்கு மேல் முடியாது. டாரஸ் 856, சார்ட்டர் ஆர்ம்ஸ் அண்டர்கவர், ராக் ஐலண்ட் எம்-206 மூன்றும் கண்ணில் பட்டன. அடகுக் கடை ஒன்றில் பழைய ரோசி எம்-68 ஒன்று 230 டாலருக்கு இருக்கிறது. நண்பர் ஒருவரின் புது ரிவால்வர் இரண்டு முறை கம்பெனிக்குப் போய்த் திரும்பியது. அவர் "மலிவானதை வாங்கவே வாங்காதே" என்கிறார். கடைக்காரரோ "ஆயுள் வாரண்டி இருக்கிறதே, என்ன பயம்" என்கிறார். யார் சொல்வது சரி? எந்தக் கம்பெனியின் வாரண்டியை நம்பலாம்?

பதில்: உங்கள் நண்பரின் துப்பாக்கி எந்தக் கம்பெனி என்று கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதை இங்கே எடுத்துவிட்டேன். இந்த விலையில் கிடைக்கும் எல்லாக் கம்பெனிகளிலும் அப்படி ஒன்று சிக்கத்தான் செய்யும். நண்பர் சொல்வது பாதி சரி, கடைக்காரர் சொல்வது கால்வாசி சரி.

ரிவால்வர் விஷயத்தில் மலிவு எங்கே பல்லைக் காட்டும் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். தானியங்கிக் கைத்துப்பாக்கியில் தோட்டாவும் பேரலும் ஒரே நேர்கோட்டில் இருப்பதைப் பேரலிலேயே குடைந்த அறை பார்த்துக்கொள்கிறது. ரிவால்வரில் ஐந்தோ ஆறோ தனித்தனி அறைகள் சுழன்று வந்து, ஒவ்வொன்றும் பேரலுக்கு நேராக நின்று, அசையாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். அறைகள் இருக்கும் உருளையான சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும் சின்ன நெம்பு, அதை நிறுத்தும் கொக்கி, சிலிண்டரின் பின்பக்கம் இருக்கும் பல்வைத்த நட்சத்திரத் தகடு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் இது நடக்கும். இதை அரம் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்துவதற்கு அனுபவசாலியின் நேரம் வேண்டும். விலை குறையும்போது முதலில் குறைவது அந்த நேரம்தான். எஃகின் தரம் பெரும்பாலும் குறைவதில்லை. அதனால்தான் ஒரே மாடலில் ஒன்று கடிகாரம் மாதிரி ஓடும், பக்கத்துப் பெட்டியில் இருப்பது இரண்டாவது அறையில் திக்கும். பட்ஜெட் ரிவால்வரில் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. மீதிப் பாதி, கவுன்ட்டரில் உங்கள் கையில் கொடுக்கப்படும் அந்த ஒரு துப்பாக்கியைச் சோதிப்பது.

அதற்கான நேரமும் ஒன்றே ஒன்றுதான்: துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்பும் அரசுப் படிவமான 4473இல் கையெழுத்துப் போடுவதற்கு முன். உரிமை உங்கள் பெயருக்கு மாறிய பிறகு பெரும்பாலான கடைகள் துப்பாக்கியைத் திரும்ப எடுப்பதில்லை. குறை தெரிந்தால் அது உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையிலான விவகாரமாகிவிடும். இணையத்தில் வாங்கினாலும் உள்ளூர் உரிமம் பெற்ற கடைக்குத்தான் வந்து சேரும். அங்கேயும் படிவம் நிரப்புவதற்கு முன் பெட்டியைத் திறந்து பார்க்கக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் அப்படியே திருப்பி அனுப்பச் சொல்ல அதுதான் சமயம். வாங்கிய இடத்தின் விதிப்படி அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழலாம். அது முப்பது நாற்பது டாலர் என்றாலும் லாபம்தான்.

சோதனைக்கு ஒரு ஃபில்லர் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் மெக்கானிக் ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்க வைத்திருக்கும் அதே தகடுகள்தான். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை லேத் பட்டறையில் "தவ்" என்பார்கள். இங்கே எல்லா அளவும் அந்தக் கணக்கில்தான் வரும். கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: அளந்து பார்க்க வேண்டும், தோட்டா இல்லாமல் சில முறை டிரிகரை இழுக்க வேண்டும் என்று. மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். சிலிண்டரைத் திறந்து எல்லா அறையும் காலி என்று அவரும் பார்க்க வேண்டும், நீங்களும் பார்க்க வேண்டும். குழல் முனை ஆள் இல்லாத பக்கம்.

முதலில் சிலிண்டரின் முன்முகத்துக்கும் பேரலின் பின்முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. சிலிண்டரை மூடி, விரலால் பின்னோக்கி அழுத்திக்கொண்டு எந்தத் தகடு நுழைகிறது என்று பாருங்கள். பிறகு முன்னோக்கி அழுத்திக்கொண்டு மறுபடி. உதாரணமாகப் பின்னோக்கி அழுத்தும்போது 8 தவ், முன்னோக்கி அழுத்தும்போது 5 தவ் என்றால், வித்தியாசமான 3 தவ்தான் சிலிண்டரின் முன்பின் ஆட்டம். இடைவெளி 4 முதல் 8 தவ் வரை இருந்தால் நல்லது. 10க்கு மேல் போனால் பக்கவாட்டில் நெருப்பும் கரியும் அதிகம் பீய்ச்சும், குண்டின் வேகமும் குறையும். 3க்குக் கீழே இருந்தால் "ஆகா, எவ்வளவு நெருக்கம்" என்று மகிழ வேண்டாம்; நாற்பது ஐம்பது தோட்டா சுட்டதும் கரி படிந்து, சூட்டில் விரிந்து, சிலிண்டர் பேரலில் உரசி நின்றுவிடும். புதுத் துப்பாக்கியில் முன்பின் ஆட்டம் 4 தவ்வைத் தாண்டக் கூடாது. ஆட்டம் அதிகமானால், ஹாமர் என்ற சுத்தியல் ஊசியை அடித்துத் தோட்டாவை வெடிக்க வைக்கும்போது சிலிண்டரே முன்னால் நகர்ந்து அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். தோட்டா வெடிக்காமல் ஏமாற்றும். பலர் இதை ஸ்பிரிங் கோளாறு என்று நினைத்து ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இடைவெளியை ஒரே அறையில் மட்டும் அளந்து விட்டுவிடாதீர்கள். எல்லா அறைக்கும் பாருங்கள். ஒன்றில் 4, எதிர்ப்பக்கம் 8 என்று வந்தால் சிலிண்டரின் முகம் சாய்வாகக் கடையப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது டைமிங். இதுதான் முக்கியமான சோதனை, இதில்தான் பட்ஜெட் துப்பாக்கிகள் அதிகம் தோற்கின்றன. இடது கை விரலை சிலிண்டரின் மேல் லேசாக வைத்துப் பிரேக் பிடிப்பது போல ஒரு சிறு தடை கொடுங்கள். வலது கைக் கட்டைவிரலால் ஹாமரை மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹாமர் முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்கு முன்பே, அல்லது நிற்கும் அதே நொடியில், சிலிண்டர் "டிக்" என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஹாமர் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல், விரலால் தள்ளினால்தான் பூட்டுகிறது என்றால் டைமிங் பிந்துகிறது. எல்லா அறைக்கும் இதைச் செய்யுங்கள். ஹாமர் மறைந்திருக்கும் மாடல்களில் டிரிகரையே மெதுவாக இழுத்துப் பாருங்கள். வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் வேகத்திலேயே ஓடிப் பூட்டிக்கொள்ளும், குறை தெரியாது. கடையில் "பாருங்கள், அருமையாக இருக்கிறது" என்று படபடவென்று இழுத்துக் காட்டுவதில் ஒன்றும் புரியாது. பிந்தும் டைமிங்கில் குண்டு பேரலின் வாயில் நேராக நுழையாமல் விளிம்பைச் சீவிக்கொண்டு போகும். சீவல் ஈயம் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் தெறிக்கும். ஒரே அறையில் மட்டும் பிந்தினால் நட்சத்திரத் தகட்டின் அந்த ஒரு பல் குட்டை. எல்லா அறையிலும் பிந்தினால் சுழற்றும் நெம்பு குட்டை. கம்பெனிக்கு எழுதும்போது இந்த வித்தியாசத்தைச் சொன்னால் சரியான இடத்தில் கை வைப்பார்கள்.

டிரிகரை இழுத்தபடியே பிடித்துக்கொண்டு சிலிண்டரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். துளி அசைவு இருக்கும், பரவாயில்லை. லொடலொடவென்று ஆடினால் வேண்டாம். டிரிகர் பின்னால் இருக்கும் அந்நிலையில் ஹாமருக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு தட்டைக் கம்பி எழுந்து நிற்பது தெரியும். டாரஸ், சார்ட்டர் இரண்டிலும் இந்த அமைப்பு உண்டு. டிரிகர் இழுக்கப்படாதவரை ஹாமரின் அடி ஊசியைச் சென்றடையாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை. கீழே விழுந்தாலும் வெடிக்காது என்பதற்கு உத்தரவாதம் அதுதான். டிரிகரை விட்டதும் அது கீழே இறங்க வேண்டும். பாதியில் நின்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிறகு ஹாமரைப் பின்னால் வைத்து, டிரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹாமரை முன்னோக்கி அழுத்துங்கள். நழுவி விழக் கூடாது.

மீதி கண்ணால் பார்க்க வேண்டியவை. பின்னாலிருந்து பார்த்தால் முன்குறி நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? பேரலை ஃபிரேமுக்குள், அதாவது துப்பாக்கியின் உடற்சட்டத்துக்குள், திருகும்போது துளி கூடுதலாகவோ குறைவாகவோ போனால் சாயும். அப்படிப்பட்ட துப்பாக்கி பத்தடியிலேயே இடம் வலமாக அடிக்கும். இறுக்கித் திருகிய பேரலில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. திருகுமரை இருக்கும் இடத்தில் உள்விட்டம் சுருங்கிவிடும். எண்ணெய் தோய்த்த துணியை இறுக்கமாகக் குழலுக்குள் தள்ளினால், ஃபிரேமுக்கு அருகே திடீரென்று பிடிப்பது கையில் தெரியும். அங்கேதான் பின்னாளில் ஈயம் அப்பிக்கொள்ளும். கடையில் துணி விட அனுமதிக்க மாட்டார்கள். முதல் முறை சுத்தம் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இனி நீங்கள் கேட்ட கம்பெனிகள்.

டாரஸ் 1939இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் தொடங்கிய நிறுவனம். தொழிற்சாலை இப்போது சாவோ லியோபோல்டோவில். அமெரிக்கக் கிளை 2019இல் மயாமியிலிருந்து ஜார்ஜியாவின் பெயின்பிரிட்ஜுக்குப் போனது. 1970களில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனியும் டாரஸும் பேங்கர் புன்ட்டா என்ற ஒரே முதலாளியின் கீழ் இருந்தன. அதை வைத்து "இரண்டும் ஒன்றுதான்" என்று கடைகளில் சொல்வதை நம்ப வேண்டாம். உள்ளுறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 856 ஆறு தோட்டா கொள்ளும், வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய பிளஸ்-பி தோட்டாவும் தாங்கும். எஃகு ஃபிரேம் மாடல் ஏறக்குறைய 22 அவுன்ஸ், அலுமினிய அல்ட்ராலைட் 16 அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் பட்டியலில் இதற்கே என் வாக்கு. அதுவும் எஃகு ஃபிரேமில் மூன்று அங்குல பேரல். இரண்டு அங்குலத்தில் தோட்டாக்கூடு தள்ளும் கம்பியும் குட்டை. வெற்றுக் கூடுகள் முழுக்க வெளியே வராமல் ஒன்றிரண்டு தொங்கிக்கொண்டிருக்கும். மூன்று அங்குலத்தில் அந்தத் தொல்லை குறைவு, குறி பார்ப்பதும் எளிது. வீட்டில் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிக்கு எடை ஒரு பிரச்சினை இல்லை. உங்கள் மனைவியின் மணிக்கட்டுக்கு அந்த ஆறு அவுன்ஸ் நன்மையே செய்யும்.

டாரஸின் குறை எது என்றால், ஒரு துப்பாக்கிக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு. மேலே சொன்ன டைமிங் சோதனையில் தேறியதை எடுத்தால் அதில் பாதியைக் கடந்துவிட்டீர்கள்.

சார்ட்டர் ஆர்ம்ஸ் கனெக்டிகட் மாநிலத்தில் 1964இல் தொடங்கியது, இப்போது ஷெல்டனில் இருக்கிறது. அண்டர்கவர் ஐந்து தோட்டா, 16 அவுன்ஸ். பக்கத் தகடு இல்லாத ஒரே துண்டு எஃகு ஃபிரேம். கைப்பிடிப் பகுதி மட்டும் அலுமினியம். எளிமையான, நல்ல வடிவமைப்பு. இடையில் கம்பெனி நொடித்து, பெயர் மாறி, மறுபடி எழுந்த வரலாறு உண்டு. அதனால் பழைய சார்ட்டர் ஒன்றைப் பார்த்தால் எந்தக் காலத்தது என்று பேரலில் உள்ள ஊர்ப் பெயரை வைத்துப் பாருங்கள். புதியதில் கவனிக்க வேண்டியது திருகாணிகள். சிலிண்டர் தாங்கும் கையைப் பிடித்திருக்கும் திருகு சுடச்சுடத் தளரும். முதல் ஐம்பது தோட்டாவுக்குப் பின் சரியான அகலமுள்ள முனையால் இறுக்கி, திருகு தளராமல் பிடிக்கும் பசையான லாக்டைட், நீல நிறம், ஒரு சொட்டு. சிவப்பு நிறம் வேண்டாம். பிறகு கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும். உள் வேலைப்பாடு கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், அது அழகுக் குறைதான்.

ராக் ஐலண்ட் என்ற பெயரில் வருவது பிலிப்பைன்ஸில் மரிக்கினாவில் உள்ள ஆர்ம்ஸ்கார் தயாரிப்பு. எம்-206 மூன்றிலும் மலிவு. பூச்சும் மரப்பிடியும் சுமார், டிரிகர் கனம். ஆனால் எஃகு, விலைக்கு மோசமில்லை. என் தயக்கம் வேறு: இதற்கு உறை, எல்லாத் தோட்டாவையும் ஒரே தடவையில் போடும் ஸ்பீட்லோடர், உதிரி எல்லாம் தேடித்தான் எடுக்க வேண்டும்.

ரோசிக்கு வருவோம், ஏனென்றால் வாரண்டி பற்றிய பாடம் முழுக்க அதில் இருக்கிறது. எம்-68 பிரேசிலின் அமாதியோ ரோசி செய்தது, அமெரிக்காவில் இறக்குமதி செய்தது வர்ஜீனியாவின் இன்டர்ஆர்ம்ஸ். 1990களின் இறுதியில் ரோசியின் கைத்துப்பாக்கித் தயாரிப்பு டாரஸ் கைக்குப் போனது, இன்டர்ஆர்ம்ஸ் மூடப்பட்டது. இன்று ரோசி என்ற பெயரில் புதுத் துப்பாக்கி வருகிறது, அதற்கு வாரண்டியும் உண்டு. ஆனால் பேரலில் "இன்டர்ஆர்ம்ஸ்" என்று பொறித்திருக்கும் உங்கள் அடகுக் கடைத் துப்பாக்கிக்குப் பொறுப்பேற்க யாரும் இல்லை. அயல்நாட்டுத் துப்பாக்கியின் வாரண்டி செய்தவரிடம் இல்லை, இறக்குமதி செய்தவரிடம் இருக்கிறது. அவர் போனால் அதுவும் போயிற்று. எம்-68 நன்றாகச் செய்யப்பட்ட துப்பாக்கிதான், மேலே சொன்ன சோதனைகளில் தேறினால் பல வருடம் ஓடும். பிளஸ்-பி மட்டும் போடக் கூடாது. உதிரி உடைந்தால் இன்னொரு பழைய ரோசியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். 230 அதற்கு அதிகம். 170 என்றால் யோசிக்கலாம்.

பழைய ரோசிகளில் இன்னொரு வகையையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நூற்றாண்டில் வந்த .38, .357 ரோசி மாடல்கள் சிலவற்றுக்குக் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று கம்பெனியே எச்சரிக்கை வெளியிட்டது. அடகுக் கடையில் அப்படி ஒன்றைக் கண்டால் தொடர் எண்ணைக் கம்பெனியிடம் கொடுத்துக் கேட்ட பிறகே தொடுங்கள். அமெரிக்காவில் மிக்ஸியையும் தொட்டிலையும் திரும்பப் பெறச் சொல்ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. துப்பாக்கியை அந்தச் சட்டம் 1972லேயே விலக்கி வைத்துவிட்டது. திரும்பப் பெறுவது கம்பெனி தானாக முன்வந்து செய்வது. ஆகவே பழையது வாங்குகிறவர்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

"ஆயுள் வாரண்டி" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். யாருடைய ஆயுள்? டாரஸ் 1984இல் அறிவித்த உறுதி துப்பாக்கியோடு போனது, எத்தனை கை மாறினாலும். பிறகு அது மாறி, முதலில் வாங்கியவர் என்ற நிபந்தனை வந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் 1989 பிப்ரவரி முதல் செய்த கைத்துப்பாக்கிகளுக்கு முதல் உரிமையாளருக்கே அந்தச் சலுகையைத் தருகிறது. ஆகவே ரசீதுதான் உங்கள் வாரண்டி. அதைப் படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

அமெரிக்க வாரண்டிச் சட்டம் 1975இல் வந்தது. அதன்படி வாரண்டிகள் "முழு" என்றும் "வரையறைக்குட்பட்ட" என்றும் இரண்டு வகை. முழு வாரண்டி என்றால், நியாயமான முறை பழுதுபார்த்தும் சரியாகாவிட்டால் பணமோ புதிய பொருளோ கேட்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. துப்பாக்கிக் கம்பெனிகளின் தாளில் "வரையறைக்குட்பட்ட" என்ற சொல்தான் இருக்கும். அதாவது சரிசெய்வதா, மாற்றித் தருவதா என்பது அவர்கள் முடிவு. வாரண்டித் தாளை வாங்கும் முன்பே பார்க்கக் கேட்கும் உரிமை உங்களுக்குச் சட்டப்படி உண்டு. வேடிக்கை என்னவென்றால், ரூகர் என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி எழுத்துமூலமாக வாரண்டியே தருவதில்லை. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று தன் கையேட்டிலேயே அச்சடித்துவிடுகிறது. ஆனால் பழுதுபார்ப்பில் அதற்கு உள்ள நல்ல பெயர் பலருக்கு இல்லை. தாளில் எழுதியிருப்பதும் பட்டறையில் நடப்பதும் வேறு வேறு.

எந்தக் கம்பெனித் தாளிலும் வாரண்டியை ரத்துசெய்யும் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: வீட்டில் மறுபடி நிரப்பிய தோட்டா, ஸ்பிரிங்கை வெட்டுவது அல்லது மாற்றுவது, உள்ளே அரம் வைப்பது. "டிரிகர் இலகுவாகும், பத்து டாலர் ஸ்பிரிங்" என்று வரும் விளம்பரத்தைத் தள்ளி வையுங்கள். தோட்டா வெடிக்காமல் ஏமாற்றும் புகார்களில் கணிசமானவை அங்கேதான் பிறக்கின்றன.

வீட்டுக்கு வந்ததும் வாரண்டிக்கான உண்மையான வேலை தொடங்குகிறது. முதல் மாதத்துக்குள் 200 தோட்டா சுட்டுப் பாருங்கள், குறை இருந்தால் அப்போதே வெளிவரட்டும். சிலிண்டரின் அறைகளுக்கு மார்க்கரால் 1 முதல் 6 வரை எண் போடுங்கள். முதல் 100, 130 அல்லது 158 கிரெயின் (குண்டின் எடை அளவு) சாதாரணத் தோட்டா. பிறகு 50 வேறொரு கம்பெனித் தோட்டா. கடைசி 50, நீங்கள் வீட்டில் நிரப்பி வைக்கப்போகும் அதே தோட்டா. எந்த அறையில் வெடிக்கவில்லை, இரண்டாம் அடியில் வெடித்ததா, எத்தனையாவது தோட்டாவில் சிலிண்டர் இறுகியது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். ஒரே அறை எண் திரும்பத் திரும்ப வந்தால் சிலிண்டரிலோ தகட்டிலோ குறை. எண் மாறி மாறி வந்தால் ஸ்பிரிங் அல்லது முன்பின் ஆட்டம். ஒரே கம்பெனித் தோட்டாவில் மட்டும் என்றால் தோட்டாவை மாற்றுங்கள், துப்பாக்கியை அனுப்ப வேண்டாம்.

அனுப்புவதற்கு முன் இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்றிரண்டு மாட்டினாலே சிலிண்டர் இறுகும். பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் தீர்ந்தது. வெற்றுக் கூட்டைத் தள்ளும்போது குழலை மேல்நோக்கிப் பிடித்தால் அந்தத் துகள் உள்ளே விழாது. இரண்டாவது, தள்ளு கம்பி தளர்ந்து நீண்டாலும் சிலிண்டர் திறக்காமல் அடம்பிடிக்கும். அதைக் கையால் இறுக்கிப் பாருங்கள். சில கம்பெனிகளில் மரை இடப்பக்கச் சுற்று என்பதால் கையேட்டைப் பார்க்காமல் பிளையர் வைக்க வேண்டாம். அலுமினிய மாடல் வாங்கினால் ஒரு சோதனை கூடுதல்: ஆறு நிரப்பி ஐந்து சுட்டுவிட்டு ஆறாவதை வெளியே எடுத்து நீளத்தை அளங்கள். எடை குறைந்த துப்பாக்கியின் உதைப்பில் குண்டு கூட்டிலிருந்து முன்னால் நகர்ந்திருந்தால், ஒருநாள் அது சிலிண்டரைத் தாண்டி நீட்டிக்கொண்டு சுழற்சியையே நிறுத்தும்.

குறை உறுதியானால் கம்பெனியைத் தொடர்புகொண்டு கம்பெனியே கட்டணம் கட்டிய அனுப்புச் சீட்டு கேளுங்கள். நீங்களாகத் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கைத்துப்பாக்கியைத் தனிநபர் தபாலில் அனுப்புவதற்கு எதிராக 1927ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பெரிய கூரியர் நிறுவனங்களும் உரிமம் பெற்ற வணிகர்களிடம் மட்டுமே துப்பாக்கிப் பொதிகளை ஏற்கும் கொள்கைக்கு மாறிவிட்டன. கம்பெனிச் சீட்டு கிடைக்காவிட்டால் உள்ளூர்க் கடை மூலம் அனுப்புங்கள், கட்டணம் வாங்குவார்கள். பழுதுக்கு அனுப்பிய துப்பாக்கி கடை வழியாக வர வேண்டிய அவசியம் இல்லை. கூட்டாட்சிச் சட்டப்படி நேராக உங்கள் வீட்டுக்கே அனுப்பலாம். சரிசெய்ய முடியாமல் அதே வகைப் புதிய துப்பாக்கி தந்தாலும் அப்படியே. வயது வந்தவர் கையெழுத்திட்டு வாங்க வேண்டும்.

பொதியில் துப்பாக்கி மட்டும் போகட்டும். தோட்டா ஒன்றுகூடக் கூடாது. உறை, பூட்டு, மாற்றுக் கைப்பிடி எதையும் வைக்காதீர்கள், திரும்பி வராது. தொடர் எண்ணையும் துப்பாக்கியின் இரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். கடிதத்தில் "சரியாக வேலை செய்யவில்லை" என்று எழுதினால் துடைத்து, எண்ணெய் போட்டு, "குறை இல்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். உங்கள் நண்பருக்கு இரண்டு முறை போய் வந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இப்படி எழுதுங்கள்: "மூன்றாம் அறையில் ஹாமரை மெதுவாக இழுக்கையில் சிலிண்டர் பூட்டவில்லை. மற்ற ஐந்தும் சரி. 200 தோட்டாவில் மூன்றாம் அறையில் 9 முறை ஈயத் தெறிப்பு. தொழிற்சாலைத் தோட்டா மட்டுமே பயன்படுத்தியது." மூன்றாம் அறைக்கு நேரே மார்க்கர் குறி அழியாமல் இருக்கட்டும்.

நாலு முதல் பத்து வாரம் துப்பாக்கி கையில் இருக்காது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் என்ன மாற்றினார்கள் என்ற சீட்டைப் படித்து, அதே சோதனைகளைத் தொடக்கத்திலிருந்து செய்யுங்கள். அதே குறைக்கு மூன்றாம் முறை அனுப்ப நேர்ந்தால் பழுதுபார்க்கச் சொல்லாதீர்கள். முந்தைய இரண்டு சீட்டுகளின் நகலோடு மாற்றுத் துப்பாக்கி கேளுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இன்னும் எழுபது எண்பது டாலர் சேர்க்க முடிந்தால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 எட்டும், அல்லது போலீஸ் துறைகள் கழித்துவிட்ட, அதே கம்பெனியின் பழைய 'மாடல் 10' ரிவால்வர் கிடைக்கும். மாடல் 10க்கு வாரண்டி உங்களுக்கு வராது. ஆனால் உதிரி எந்த ஊரிலும் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் எந்த ஊரிலும் இருப்பார். உறையில் உரசி நீலப் பூச்சு போயிருக்கும், உள்ளே அதிகம் சுட்டிருக்க மாட்டார்கள். சோதனைகளில் தேறிய மாடல் 10 ஒன்றையும் புது 856 ஒன்றையும் அருகருகே வைத்தால், நான் சிபாரிசு செய்வது பழையதைத்தான்.

வாங்கும் தகுதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தப் பகுதியைப் படிக்கும் வேறு பலருக்குத் தேவைப்படும். கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவருக்குப் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 4473இல் குடியேற்ற நிலையைத் தவறாக எழுதுவது குற்றம், குடியேற்ற வழக்கிலும் எதிரொலிக்கும். நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கித் தருவதும் குற்றம்தான்.

கடை தரும் பூட்டை வாங்காமல் வந்துவிடாதீர்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்துப்பாக்கியோடு பூட்டோ பாதுகாப்புப் பெட்டியோ தந்தே ஆக வேண்டும். கம்பிப் பூட்டு என்றால் சிலிண்டரைத் திறந்து, அது மூடும் சதுர இடைவெளி வழியாகக் கம்பியை விட்டுப் பூட்டுங்கள். டிரிகர் வளையத்துக்குள் விட்டால் சிலிண்டர் மூடும், தோட்டாவும் நிரப்ப முடியும்.